சீட்டும் செலவும் காலமும்: ‘மெட்டல் கியர் ஆசிட்’ விளையாட்டில் மறைந்தியங்கலின் கட்டமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

பகைவரின் கண்ணில் படாமல் இயங்குவதையே முதன்மைச் செயலாகக் கொண்ட காணொளி விளையாட்டுகள் பெரும்பாலும் கைவிரைவையும் கணநேர முடிவையும் நம்பியவை. கொனாமி நிறுவனம் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் என்னும் கையடக்கக் கருவிக்காக 2004இல் வெளியிட்ட ‘மெட்டல் கியர் ஆசிட்’ இம்மரபிலிருந்து விலகியது. ஓடுதல், ஒளிதல், சுடுதல் ஆகிய செயல்கள் அனைத்தையும் அது சீட்டுகளாக மாற்றி, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு செலவெண்ணை வழங்கியது. இம்மாற்றத்தால் மறைந்தியங்கல் அழிந்துபோனதா, அல்லது அதன் உள்ளியல்பு தெளிவுபட்டதா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. மறைந்தியங்கலின் அடிப்படை கைவிரைவு அன்று, காலத்தைப் பற்றிய அறிவே என்பதை இவ்விளையாட்டின் விதியமைப்பைக் கொண்டு நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, மறைந்தியங்கல், சீட்டுக்கட்டு, செலவெண், தற்செயல், விளையாட்டுக் காலம்.

முன்னுரை

வீடியோ கேம் எனப் பேச்சுவழக்கில் வழங்கும் காணொளி விளையாட்டு தனித்த ஆய்வுப்பொருளாக ஏற்கப்பட்டு ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆகிறது. எஸ்பென் ஆர்செத் 1997இல் வெளியிட்ட ‘சைபர்டெக்ஸ்ட்’ நூலும் அதனையடுத்து வந்த ஆய்வுகளும் விளையாட்டைக் கதையின் மறுவடிவமாக மட்டும் காணாமல், விதிகளால் ஆன ஓர் அமைப்பாகவும் காண வழிவகுத்தன. இலக்கிய ஆய்வாளர் ஒருவர் கதைக்கூற்றின் அமைப்பைப் பகுத்துக் காண்பது போலவே விளையாட்டின் விதியமைப்பையும் பகுத்துக் காண இயலும். விதி ஒன்று மாறினால் விளையாடுவோர் அடையும் அனுபவமும் மாறுகிறது. அவ்வகை மாற்றத்தை மிகத் தெளிவாகக் காட்டும் சான்றுகளுள் ஒன்று ‘மெட்டல் கியர் ஆசிட்’.

இக்கட்டுரையில் சில சொற்கள் வரையறுத்த பொருளில் ஆளப்படுகின்றன. பகைவரின் பார்வையிலிருந்தும் செவியிலிருந்தும் தப்பி இலக்கை அடையும் செயற்பாடு ‘மறைந்தியங்கல்’ எனப்படுகிறது. ஒரு பாத்திரம் செயற்படக் கிடைக்கும் வாய்ப்பு ‘முறை’ எனவும், செயலொன்று அடுத்த முறையைத் தள்ளிப்போடும் அளவு ‘செலவெண்’ எனவும் குறிக்கப்படுகின்றன.

மறைந்தியங்கலின் தோற்றம்

‘மெட்டல் கியர்’ வரிசையின் முதல் விளையாட்டு 1987இல் எம்எஸ்எக்ஸ்2 என்னும் வீட்டுக் கணினிக்காக வெளிவந்தது. அதனை வடிவமைத்தவர் ஹிடியோ கோஜிமா. போர் விளையாட்டு ஒன்றை உருவாக்குவதே அவருக்கு இடப்பட்ட பணி. ஆனால் பல வீரர்களையும் பல தோட்டாக்களையும் ஒருசேரத் திரையில் இயக்கும் ஆற்றல் அக்கணினிக்கு இல்லை. ஆகவே போரிடுவதை விடுத்துப் போரைத் தவிர்ப்பதே விளையாட்டாக அமைக்கப்பட்டது. ஒரு வகைமையின் பிறப்புக்குக் கருவியின் குறையே காரணமாயிற்று என்பது நோக்கத்தக்கது.

1998இல் பிளேஸ்டேஷன் கருவிக்கு வந்த ‘மெட்டல் கியர் சாலிட்’ இவ்வகைமையை உலகறியச் செய்தது. திரையின் மூலையில் அமைந்த ராடார், காவலர் ஒவ்வொருவரின் பார்வை எல்லையையும் கூம்பு வடிவில் காட்டியது. விளையாடுபவர் கூம்பின் அசைவைக் கண்டு, அது விலகும் நொடியில் கடந்து சென்றார். அறிவு முன்கூட்டியே தரப்பட்டது. அதனைச் செயலாக்குவது கையின் பொறுப்பாயிற்று. காவலர் திரும்புமுன் ஓடி முடிக்க வேண்டும் என்னும் பதற்றமே இவ்வகைமையின் சுவையாகக் கருதப்பட்டது.

ஒரே நாளில் இரு வடிவங்கள்

2004 டிசம்பர் 16ஆம் நாள் ஜப்பானில் இவ்வரிசையின் இரு விளையாட்டுகள் வெளியாயின. ஒன்று, பிளேஸ்டேஷன் 2 கருவிக்குரிய ‘மெட்டல் கியர் சாலிட் 3: ஸ்நேக் ஈட்டர்’. மற்றொன்று, நான்கு நாள்களுக்கு முன்னர்தான் விற்பனைக்கு வந்திருந்த பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் கருவிக்குரிய ‘மெட்டல் கியர் ஆசிட்’. முன்னது பழைய ராடாரை நீக்கிக் காட்டையும் உருமறைப்பு உடையையும் கொண்டுவந்து, உடலின் இருப்பை மேலும் நுணுக்கமாக்கியது. பின்னது உடலின் அசைவை முற்றாக நிறுத்தி, களத்தைக் கட்டங்களாகப் பிரித்தது. ஒரே நிறுவனம், ஒரே வரிசை, ஒரே நாள் என்னும் நிலையில் மறைந்தியங்கல் இரு எதிர்த்திசைகளில் வளர்ந்ததை இது காட்டுகிறது.

‘ஆசிட்’ விளையாட்டின் இயக்குநர் ஷின்டா நோஜிரி, தயாரிப்பாளர் கோஜிமா. 2000இல் கேம் பாய் கலர் கருவிக்கு வந்த இவ்வரிசையின் விளையாட்டையும் நோஜிரியே இயக்கியிருந்தார். கையடக்கக் கருவியின் எல்லைகள் அவர் முன்பே அறிந்தவை. பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் 4.3 அங்குலத் திரையையும் ஒற்றை அசைவுக் குமிழையும் உடையது. இரு குமிழ்களும் கூடுதல் தோள்பட்டைப் பொத்தான்களும் கொண்ட வீட்டுக் கருவியின் கட்டுப்பாடுகளை அப்படியே அதற்கு மாற்றுதல் எளிதன்று. மேலும், கையடக்கக் கருவியில் விளையாடுபவர் இரயிலிலோ காத்திருப்பு அறையிலோ இருக்கலாம். எந்நொடியிலும் அவர் தலை நிமிர நேரிடலாம். விளையாடுபவர் முடிவெடுக்கும் வரை காத்திருக்கும் விளையாட்டு இத்தகைய சூழலுக்குப் பொருந்துகிறது. 1987இல் போலவே இங்கும் கருவியின் எல்லையும் விளையாட்டின் வடிவமும் ஒன்றையொன்று தழுவி நிற்பதைக் காணமுடிகிறது.

சீட்டின் பல பயன்கள்

இவ்விளையாட்டில் சாலிட் ஸ்நேக் என்னும் முதன்மைப் பாத்திரம் செய்யும் செயல்கள் பெரும்பாலும் சீட்டின் வழியே நிகழ்கின்றன. துப்பாக்கி, கையெறிகுண்டு, உணவுப் பொட்டலம், அட்டைப்பெட்டி ஆகியன தனித்தனிச் சீட்டுகள். விளையாடுபவர் தம்மிடமுள்ள சீட்டுகளிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை முன்னரே தொகுத்துக்கொள்கிறார். களத்தில் அக்கட்டிலிருந்து சில சீட்டுகள் மட்டுமே கைக்கு வருகின்றன. பொதுவாக ஒரு முறைக்கு இரு செயல்களைச் செய்யலாம்.

இங்குக் கருதத்தக்க விதி ஒன்று உண்டு. எந்தச் சீட்டையும் அதற்குரிய பயனுக்கு மாறாக, நகர்வதற்கும் பயன்படுத்தலாம். சில கட்டங்கள் முன்னேற வேண்டுமாயின் கையிலுள்ள ஒரு சீட்டை இழந்தாக வேண்டும். அது அரிய துப்பாக்கியாகவும் இருக்கலாம், காயம் ஆற்றும் உணவாகவும் இருக்கலாம். இவ்விதியால் நடத்தல் என்னும் எளிய செயலும் ஓர் இழப்பைக் கோருகிறது. நிகழ்நேர விளையாட்டில் சுவரிலிருந்து சுவருக்கு ஓடுவதற்கு விலை ஏதுமில்லை. ஓடியபின் காணப்படுவதே விலை. ‘ஆசிட்’டில் காணப்படாவிடினும் ஓட்டத்திற்கு விலை உண்டு. ஆகவே கையில் வைத்திருப்பதற்கும் காலால் கடப்பதற்கும் இடையே ஓயாத தேர்வு நிகழ்கிறது.

நகர்ந்து முடித்தபின் பாத்திரம் எத்திசை நோக்கி நிற்க வேண்டும் என்பதையும் விளையாடுபவரே முடிவுசெய்கிறார். காவலரின் பார்வைக்கும் திசை உண்டு. முதுகுப்புறமிருந்து அணுகுதல் ஆதாயம், முதுகைக் காட்டி நிற்றல் கேடு. சுவரைத் தட்டி ஒலியெழுப்பிக் காவலரை ஈர்க்கும் பழைய உத்தியும் தொடர்கிறது. எனவே பழைய மறைந்தியங்கலின் உறுப்புகளான பார்வை, ஒலி, மறைவிடம் ஆகியவற்றுள் எதுவும் கைவிடப்படவில்லை. மாறியது அவற்றைக் கையாளும் காலம் மட்டுமே.

செலவெண்: காலத்தின் விலை

முறைவழி விளையாட்டுகள் பலவற்றுள் ஒரு தரப்பு முழுமையாகச் செயற்பட்டபின் மறுதரப்பு செயற்படும். சதுரங்கம் இதன் தூய வடிவம். ‘ஆசிட்’ இவ்வொழுங்கை ஏற்கவில்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் செலவெண் உண்டு. சீட்டைப் பயன்படுத்துந்தோறும் அவ்வெண் அப்பாத்திரத்தின் கணக்கில் ஏறுகிறது. களத்தில் எவருடைய கணக்கு மிகக் குறைவாக உள்ளதோ அவருக்கே அடுத்த முறை கிடைக்கிறது. சிறிய செலவெண்ணுடைய செயல்களைச் செய்பவர் விரைவில் மீண்டும் செயற்படுகிறார்; பெரிய ஆயுதத்தை ஏந்துபவர் நெடிது காத்திருக்கிறார்.

விளக்கத்திற்காக ஒரு சூழலைக் கருதலாம். காவலர் ஒருவர் முதுகைக் காட்டி நிற்கிறார். அவருடைய அடுத்த முறைக்கு 5 எண்கள் எஞ்சியுள்ளன. ஸ்நேக்கின் முறை இப்போது வந்துள்ளது. அவருடைய கணக்கு 0. அவர் தலா 2 செலவெண்ணுடைய இரு செயல்களைச் செய்தால் கணக்கு 4 ஆகிறது. 4 என்பது 5ஐ விடக் குறைவு. ஆதலின் காவலர் திரும்புமுன் ஸ்நேக்கிற்கு மற்றொரு முறை கிடைக்கும். மாறாக, 2 செலவெண்ணுடைய ஒரு செயலையும் 7 செலவெண்ணுடைய ஓர் ஆயுதத்தையும் பயன்படுத்தினால் கணக்கு 9 ஆகிவிடும். காவலர் முந்திக்கொள்வார். அவர் திரும்பிப் பார்க்கையில் ஸ்நேக் வெட்டவெளியில் நிற்க நேரிடும். ஆயுதம் வலியதா என்னும் வினாவை விட, அதனைப் பயன்படுத்தியபின் எவருடைய முறை வரும் என்னும் வினா இங்கு முதன்மை பெறுகிறது.

யெஸ்பர் யூல் விளையாட்டுக் காலத்தை இரண்டாகப் பகுத்துக் காண்கிறார். விளையாடுபவர் செலவிடும் நேரம் ஒன்று. விளையாட்டின் உலகில் கழியும் நேரம் மற்றொன்று. நிகழ்நேர மறைந்தியங்கலில் இவ்விரண்டும் ஒன்றி நிற்கின்றன. விளையாடுபவர் தயங்கும் ஒவ்வொரு நொடியும் காவலருக்கும் ஒரு நொடி. ‘ஆசிட்’ இவ்விரண்டையும் பிரிக்கிறது. விளையாடுபவர் பத்து நிமிடம் சிந்தித்தாலும் காவலர் அசைவதில்லை. ஆனால் ஒரு கனத்த சீட்டைப் பயன்படுத்தியவுடன் விளையாட்டின் உலகில் நெடுநேரம் கழிந்துவிடுகிறது. சிந்தனைக்கு விலை இல்லை, செயலுக்கே விலை உண்டு என்பது இவ்வமைப்பின் சாரம் எனலாம்.

இதனால் நிகழ்நேர வடிவத்தில் கண்ணுக்குத் தெரியாதிருந்த ஒன்று வெளிப்படுகிறது. அங்கும் விளையாடுபவர் உண்மையில் காவலர் திரும்புவதற்கு எஞ்சியிருக்கும் காலத்தையே அளந்துகொண்டிருந்தார். அவ்வளவு ஊகமாக, கைப்பழக்கமாக இருந்தது. ‘ஆசிட்’ அதனை எண்ணாக எழுதிக் காட்டுகிறது. ஒளிவதற்குரிய இடம் என்பதைக் காட்டிலும், ஒளிந்திராமலே நிற்கத்தகும் இடைவெளி என்பதே மறைந்தியங்கலின் மையம் என்பது இவ்வெண்ணால் புலனாகிறது. காவலரின் முதுகுக்குப் பின்னுள்ள கட்டம் தன்னளவில் பாதுகாப்பானதன்று. 5 எண்கள் எஞ்சியுள்ள வரைதான் அது பாதுகாப்பானது.

திட்டமும் தற்செயலும்

இவ்வமைப்பின் மீது வலுவான மறுப்பு ஒன்று எழக்கூடும். மறைந்தியங்கல் என்பது திட்டத்தின் வெற்றி. சீட்டு என்பதோ தற்செயலின் கருவி. காவலரின் அசைவையெல்லாம் அறிந்து, கணக்கையும் சரியாகப் போட்ட பின்னரும், வேண்டிய சீட்டு கைக்கு வராவிடில் திட்டம் சிதைகிறது. துப்பாக்கி தன் சீட்டுக்கட்டில் இருந்தும் அந்நேரம் கையில் இல்லாத வீரன் நம்பத்தகாத பாத்திரமாகிறான். பயிற்சி பெற்ற ஒற்றனின் திறன் குலுக்கிப் போட்ட சீட்டில் தங்கியிருப்பது முரண் அன்றோ என்பதே அம்மறுப்பு.

பிரெஞ்சு அறிஞர் ரோஜே கையுவா 1958இல் வெளியிட்ட நூலில் விளையாட்டுகளைப் போட்டி, தற்செயல், பாவனை, கிறக்கம் என நான்காகப் பகுத்தார். போட்டியில் வெற்றி விளையாடுபவரின் முயற்சியைச் சார்ந்தது. தற்செயலில் அவர் முயற்சிக்கு இடமில்லை. இவ்விரண்டும் எதிரெதிரானவை எனினும் சீட்டாட்டங்கள் பலவற்றில் இணைந்து வருவதையும் அவர் சுட்டுகிறார். கைக்கு வருவது தற்செயல், வந்ததைக் கொண்டு ஆடுவது திறன்.

‘ஆசிட்’ இவ்விணைப்பில் மூன்றாவது நிலை ஒன்றைச் சேர்க்கிறது. கைக்கு எவை வரக்கூடும் என்பதை நிர்ணயிக்கும் சீட்டுக்கட்டையும் விளையாடுபவரே தொகுக்கிறார். ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி 1993இல் வெளியான ‘மேஜிக்: தி கேதரிங்’ பரப்பிய முறை இது. ஆயுதங்களை மட்டும் நிறைத்த கட்டு போருக்கு உதவும். ஆனால் செலவெண்கள் கூடிக் காவலர் முந்துவர். சிறு செலவெண்ணுடைய சீட்டுகளை நிறைத்த கட்டு விரைந்து இயங்க உதவும். ஆனால் காணப்பட்டுவிட்டால் தற்காப்பதற்கு வழியிராது. எனவே தற்செயல் என்பது வெளியிலிருந்து வரும் விபத்தாக அமையவில்லை. விளையாடுபவர் முன்னரே எடுத்த முடிவுகளின் நிழலாக அமைகிறது.

இதன் விளைவாகப் பிழையின் இடம் மாறுகிறது. நிகழ்நேர விளையாட்டில் தோல்வி விரலின் பிழை, அது நிகழ்ந்த நொடிக்குரியது. இங்குத் தோல்வி பெரும்பாலும் களத்திற்கு வருமுன் சீட்டுக்கட்டைத் தொகுத்தபோதே தொடங்கிவிடுகிறது. மேற்குறித்த மறுப்பு இதனால் முற்றாக நீங்கிவிடுவதில்லை. நன்கு தொகுத்த கட்டும் தீய வரிசையில் வருவதுண்டு. ஆயினும் எந்தச் சீட்டையும் நகர்வுக்குப் பயன்படுத்தலாம் என்னும் விதி, பயனற்ற கைச்சீட்டு என ஒன்று முழுமையாக இல்லாதபடி காக்கிறது. வேண்டிய ஆயுதம் வராதபோதும் விலகி நிற்க வழி உண்டு. தாக்க இயலாத வேளையில் விலகுதல் மறைந்தியங்கலின் முதல் இலக்கணம் ஆதலின், தற்செயல் இவ்வகைமையின் இயல்புக்கு இயைபாகவே தொழிற்படுகிறது எனலாம்.

நினைவுக் கிடங்காகச் சீட்டுக்கட்டு

விளையாட்டின் கதை 2016ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைக்கப்பட்டுள்ளது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிடும் ஒருவர் பயணம் செய்யும் விமானம் கடத்தப்படுகிறது. கடத்தியவர்கள் கேட்பது ‘பித்தகோரஸ்’ என்னும் இரகசிய ஆய்வை. அது தென்னாப்பிரிக்கப் பகுதியிலுள்ள கற்பனை நாடொன்றின் லோபிடோ தீவு ஆய்வகத்தில் உள்ளது. அதனைக் கொணரவே ஸ்நேக் அனுப்பப்படுகிறார். பின்னர் டெலிகோ என்னும் பெண் வீரரும் அவருடன் இணைகிறார். இருவரையும் மாறி மாறி இயக்கும் நிலையில் செலவெண் கணக்கு மேலும் செறிவடைகிறது.

இக்கதை வரிசையின் முதன்மைக் கதைத்தொடரைச் சேர்ந்ததன்று. எனினும் சீட்டுகள் அத்தொடர் முழுவதையும் சுமந்து வருகின்றன. பணிகளை முடித்துப் பெறும் புள்ளிகளைக் கொண்டு சீட்டுப் பொட்டலங்கள் வாங்கப்படுகின்றன. அப்பொட்டலங்களுள் சில முந்தைய விளையாட்டுகளின் பெயர்களைத் தாங்கியவை. கிரே ஃபாக்ஸ், ஸ்நைப்பர் வுல்ஃப் போன்று முதன்மைத் தொடரில் இறந்துபட்ட பாத்திரங்களும் சீட்டுகளாக மீண்டு வந்து துணைபுரிகின்றனர். பழைய பாத்திரத்தின் இயல்பு சீட்டின் பயனாகச் சுருக்கப்படுகிறது. முந்தைய விளையாட்டுகளை அறிந்தவர்க்கு அச்சுருக்கம் ஒரு குறிப்புப்பொருளாக நின்று பழைய காட்சியை நினைவூட்டுகிறது. அறியாதவர்க்கு அது ஒரு கருவி மட்டுமே.

கதையினுள் ஸ்நேக்கின் கடந்தகாலமே ஐயத்திற்கு உள்ளாக்கப்படுகிறது என்பதையும் இதனுடன் இணைத்துக் காண வேண்டும். தன் நினைவை உறுதியாக நம்ப இயலாத ஒருவன், வரிசையின் நினைவுகளால் ஆன சீட்டுக்கட்டைக் கையில் ஏந்தி இயங்குகிறான். எந்த நினைவு எப்போது கைக்கு வரும் என்பது அவனுக்குத் தெரியாது. விதியமைப்பும் கதைப்பொருளும் இவ்விடத்தில் ஒன்றையொன்று விளக்குகின்றன.

பிந்தைய வளர்ச்சி

இரண்டாம் பாகம் 2005 டிசம்பரில் ஜப்பானில் வெளியானது. அது ஓவியத்தன்மை வாய்ந்த அடர்நிறக் காட்சியமைப்பைக் கொண்டது. ‘சாலிட் ஐ’ என்னும் அட்டையாலான காண்கருவி வழியே படங்களை முப்பரிமாணத்தில் காணும் வசதியையும் தந்தது. சீட்டும் செலவெண்ணும் அடிப்படையாகத் தொடர்ந்தன. ஆயினும் 2006இல் அதே கருவிக்கு வந்த ‘போர்ட்டபிள் ஆப்ஸ்’ நிகழ்நேர வடிவத்திற்கே திரும்பியது. 

வரிசை கைவிட்ட வினாவைப் பிறர் வேறு வழியில் எடுத்துக்கொண்டனர். 2015இல் கிளெய் நிறுவனம் வெளியிட்ட ‘இன்விசிபிள், இன்க்.’ முறைவழி மறைந்தியங்கலை முழுமையாகக் கையாண்டது. அதில் சீட்டு இல்லை. முறைகள் கழியக் கழிய எச்சரிக்கை நிலை உயர்கிறது. அதாவது காத்திருத்தலுக்கே விலை வைக்கப்பட்டுள்ளது. ‘ஆசிட்’ செயலுக்கு விலை வைத்தது, இவ்விளையாட்டு காலங்கடத்தலுக்கு விலை வைத்தது. இரண்டும் வேறுபடினும், மறைந்தியங்கலைக் காலத்தின் கணக்காகக் காணும் நோக்கில் ஒன்றுபடுகின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• மறைந்தியங்கல் என்னும் வகைமை 1987இல் கருவியின் எல்லையிலிருந்து பிறந்தது போலவே, அதன் சீட்டுவடிவமும் கையடக்கக் கருவியின் எல்லைக்கு இயைந்து அமைந்துள்ளது.

• எந்தச் சீட்டையும் நகர்வுக்குச் செலவிடலாம் என்னும் விதி, நடத்தலையும் இழப்பாக மாற்றி ஒவ்வொரு அடியையும் தேர்வாக்குகிறது.

• செலவெண், நிகழ்நேர வடிவத்தில் ஊகமாக இருந்த காலக்கணக்கை வெளிப்படையான எண்ணாக்குகிறது.

• சீட்டின் தற்செயல் திட்டத்தை அழிப்பதில்லை. திட்டமிடும் பொறுப்பைக் களத்திற்கு முந்தைய கட்டத்திற்கு நகர்த்துகிறது.

• சீட்டுகள் விளையாட்டுக் கருவியாகவும் வரிசையின் நினைவுக்குறிப்பாகவும் ஒருசேரத் தொழிற்படுகின்றன.

கைவிரைவு நீக்கப்பட்ட பின்னரும் மறைந்தியங்கல் எஞ்சி நிற்கிறது என்பதே இவற்றின் திரண்ட பொருள். இம்முடிவு ஒரு விளையாட்டைப் பற்றிய செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. விளையாட்டுத் திறன் என்றாலே விரல்களின் விரைவு எனக் கொள்ளும் பொதுக்கருத்து, விரைந்து இயங்க இயலாத கைகளை உடையோரை, முதுமையாலோ உடற்குறையாலோ தளர்ந்தோரை, இவ்வகைமைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. ஒரு வகைமையின் உயிர் எதில் உள்ளது என்பதைப் பகுத்தறிந்தால், அவ்வுயிரைக் குறைக்காமலே அவர்களுக்கும் இடமளிக்கும் விதிகளை அமைக்க இயலும். அதற்குரிய சான்று 2004ஆம் ஆண்டிலேயே, 4.3 அங்குலத் திரையில் உருவாக்கப்பட்டுள்ளது.